இழை: லண்டன் ஜார்ஜியன் செங்கல் வீடு. அடைத்த சன்னல் எல்லாம் சன்னல் வரிக்காகத்தானா?

கருவேப்பிலை (சனி, இரவு 10:12)

வணக்கம். லண்டனில் புளூம்ஸ்பரி பக்கம் ஒரு பழைய செங்கல் வீட்டின் மேல்மாடியில் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். 1790களில் கட்டிய வரிசை வீடு, ஜார்ஜியன் (ஜார்ஜ் மன்னர்கள் காலத்தது) என்று சொல்லித்தான் வாடகையை ஏற்றினார்கள். தெருமுனை வீடு, அதனால் பக்கச் சுவரும் வெளியே தெரியும். அந்தச் சுவரில் சன்னல் வர வேண்டிய மூன்று இடங்கள் குழிவாக, செங்கல்லால் அடைபட்டிருக்கின்றன.

சனிக்கிழமை தோறும் ஒரு சுற்றுலா வழிகாட்டி கூட்டத்தோடு வந்து எங்கள் வீட்டுக்கு அடியில் நிற்பார். "அரசாங்கம் சன்னலுக்கு வரி போட்டது, மக்கள் சன்னலை அடைத்துவிட்டார்கள், பகல்கொள்ளை என்ற ஆங்கிலத் தொடரே இதில் பிறந்ததுதான்" என்பார். உண்மையா?

இன்னொன்று. இந்த வீடுகளின் முகப்பு ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கிறது? ஒரு பூ வேலை, ஒரு தூண், ஒன்றும் இல்லை. கதவைத் தவிர எல்லாம் செங்கலும் ஓட்டையும்தான். பணக்காரர்களுக்குக் கட்டியது என்கிறார்கள், நம்ப முடியவில்லை.

அடுத்த மாதம் சாரம் கட்டி பாயிண்டிங் வேலை (செங்கல் மூட்டுக் கலவையைப் புதுப்பிப்பது) செய்யப் போகிறார்களாம். அதற்கு முன் தெரிந்துகொண்டால் நல்லது.

அரைத்தூக்கம் (சனி, இரவு 10:20)

ஒன்றரை வருடம் கழித்துத்தான் பக்கச் சுவரைப் பார்த்தீர்களா?

பகல்கொள்ளை நம் ஊர்ச் சொல். அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்களா?

பழைய_காகிதம் (சனி, இரவு 11:05)

சன்னல் வரி உண்மை. 1696இல் மூன்றாம் வில்லியம் காலத்தில் வந்து 1851இல்தான் ஒழிந்தது. ஆரம்பத்தில் வீட்டுக்கு 2 ஷில்லிங், சன்னல் எண்ணிக்கை பத்தைத் தாண்டினால் கூடுதல். 1766இல் ஏழு சன்னலுக்கே வரி என்று இறக்கினார்கள். குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும். வரிக்காகச் சன்னலை அடைத்தவர்கள் நிச்சயமாக இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 1790களில் கட்டியது என்கிறீர்கள். அப்போது அந்த வரிக்கு வயது நூறு. கட்டுகிறவனுக்கு அது தெரியாதா? வரி வேண்டாம் என்றால் சன்னலே வைக்காமல் விட்டிருப்பான். குழிவு வைத்து, அடியில் கல் படியும் வைத்து, சன்னல் மாதிரி காட்ட என்ன அவசியம்? அழகுக்குத்தான். பக்கச் சுவர் வெறுமையாக நின்றால் வரிசை கெட்டுப்போகும் என்று முதலிலேயே பொய்ச் சன்னல் வைப்பது அன்றைய வழக்கம்.

பகல்கொள்ளைக் கதையும் நிற்காது. அந்த ஆங்கிலத் தொடர் அச்சில் தலைகாட்டுவது வரி ஒழிந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான். வழிகாட்டிகளுக்குப் பிடித்த கதை, விடமாட்டார்கள்.

தூக்குக்குண்டு (ஞாயிறு, காலை 6:40)

நான் திருநெல்வேலிப் பக்கம் நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்து ஓய்ந்தவன். லண்டனை நேரில் பார்த்ததில்லை. ஆனால் அடைத்த சன்னலா, அடைத்தபடியே கட்டியதா என்று சொல்ல ஊர் எதற்கு? செங்கல் சொல்லிவிடும். வரி மட்டம் பாருங்கள் தம்பி. (நான் சொல்வது செங்கல் வரி, அரசாங்க வரி இல்லை.) குழிவுக்குள் இருக்கும் வரியும் பக்கத்துச் சுவர் வரியும் ஒரே மட்டத்தில் ஓடினால் ஒரே நாளில் எழுப்பிய சுவர். அரை அங்குலம் ஏறி இறங்கியிருந்தால் பிறகு வந்தவன் அடைத்தது. கல்லின் நிறம், கலவையின் நிறம் இரண்டும் சாட்சி.

சாரம்_கட்டி (ஞாயிறு, காலை 9:15)

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் இங்கே பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் வேலையில் பத்து வருடமாக இருக்கிறேன். இன்னொரு சோதனை சேர்த்துக்கொள்ளுங்கள்: தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்று கூரையைப் பாருங்கள். அந்தக் குழிவுகளுக்கு நேர் மேலே புகைபோக்கி நிற்கிறதா? இந்த வரிசை வீடுகளில் கணப்பு (குளிர்காய நெருப்பு மூட்டும் மாடம்) எல்லாம் பக்கச் சுவரில்தான் இருக்கும். புகைக் குழாய் ஓடுகிற சுவரில் சன்னல் திறக்கவே முடியாது. உள்ளே உங்கள் அறையில் அதே இடத்தில் கணப்பு இருந்தால் முடிவாயிற்று.

கருவேப்பிலை (ஞாயிறு, காலை 9:31)

கணப்பு இருக்கிறது! இப்போது அதில் புத்தகம் அடுக்கி வைத்திருக்கிறேன். மழை விட்டதும் கீழே போய்ப் பார்க்கிறேன்.

மொட்டை முகப்புக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

பழைய_காகிதம் (ஞாயிறு, மதியம் 12:50)

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1666இல் லண்டன் எரிந்தது. மர வீடுகள், தெருவை நோக்கிப் பிதுங்கும் மாடிகள், எல்லாம் போயின. அடுத்த வருடமே சட்டம்: நகருக்குள் இனி வெளிச்சுவர் செங்கல் அல்லது கல்தான். எந்த அகலத் தெருவில் எத்தனை மாடி, சுவர் எவ்வளவு கனம் என்று நான்கு வகை வீடுகளை வகுத்தார்கள். நீங்கள் பார்க்கும் வரிசை வீட்டின் எலும்புக்கூடு அங்கே பிறந்தது, முதலாம் ஜார்ஜ் 1714இல் அரியணை ஏறுவதற்கு முன்பே.

ஆனாலும் அலங்காரம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. லண்டனில் குயின் ஆன்ஸ் கேட் என்று ஒரு தெரு இருக்கிறது, 1700களின் தொடக்கம். ஒரு நாள் போய்ப் பாருங்கள். கூரைக்கு அடியில் கனத்த மர விளிம்பு ஓடும். கதவுக்கு மேலே செதுக்கிய மரக் குடை. சன்னலின் மரச் சட்டம் சுவரின் முகத்தோடு முகமாக நிற்கும். அதற்குப் பிறகு கட்டிய தெருக்களில் இதெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்கிறது. காரணம் நெருப்புப் பயம். 1707 சட்டம் கூரையடி மர விளிம்பைத் தடை செய்தது. இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள பொதுச் சுவரைக் கூரைக்கு மேலே தூக்கச் சொன்னது. அப்படித்தான் கூரையை மறைக்கும் கைப்பிடிச் சுவர் வந்தது. 1709இல் சன்னலின் மரச் சட்டம் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்றார்கள். அடுத்த வீட்டுத் தீ மரச் சட்டத்தைத் தொட்டு உள்ளே போகக் கூடாது அல்லவா. 1774 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ராபர்ட் டெய்லர், இளைய ஜார்ஜ் டான்ஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் எழுதிக் கொடுத்தது. சன்னலின் பக்க மரப் பெட்டியையே செங்கலுக்குப் பின்னால் ஒளிக்கச் செய்தது அதுதான். வெளியே மெல்லிய மரச் சட்டம் மட்டும் தெரியும்.

அதே சட்டம் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பு, 900 சதுர அடிக்கு மேல் தரைப்பரப்பு என்றால் முதல் தரம். 150 பவுண்டுக்குக் கீழ், 350 சதுர அடிக்குக் கீழ் என்றால் நான்காம் தரம். தரத்துக்கேற்ற சுவர்க் கனம், மேற்பார்வைக்கு வட்டார அளவர். கட்டுகிறவன் தரத்தைத் தேர்ந்துகொண்டால் முக்கால்வாசி வீடு சட்டப் புத்தகத்திலேயே வரைந்து கிடக்கும். உங்கள் வீடு 1790கள் என்பதால் முழுக்க இந்தச் சட்டத்தின் பிள்ளை. கவர் ஸ்ட்ரீட் உங்களுக்கு நடக்கிற தூரம்தானே, அங்கே நின்றால் சலிப்புத் தட்டுகிற அளவுக்கு இதைக் காணலாம்.

அரைத்தூக்கம் (ஞாயிறு, மதியம் 1:04)

அப்ப இது ரசனை இல்லை, நகராட்சி அனுமதி வரைபடம்.

பழைய_காகிதம் (ஞாயிறு, மதியம் 1:30)

பாதி அப்படித்தான். மீதிப் பாதி ரசனைதான், அதையும் சொல்ல வேண்டும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் அளவுக் கணக்கு அன்றைய மேட்டுக்குடிக்குப் பைத்தியமாகவே இருந்தது. ரோமானியக் கோயிலின் தூண்களை மனதுக்குள் வைத்துக்கொண்டு, தூணை மட்டும் எடுத்துவிட்டு அளவை வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். தரைத்தளம் அடிபீடம். முதல் மாடிதான் விருந்தினர் மாடி, அங்கே சன்னல் மிக உயரம். இரண்டாம் மாடியில் குறையும். மேல்மாடியில் ஏறக்குறையச் சதுரம். வேலைக்காரர்களும் குழந்தைகளும் அங்கே.

கருவேப்பிலை, நீங்கள் இருப்பது வேலைக்காரர் மாடி. வாடகை முகவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பணக்காரத்தனம் வேண்டும் என்றால் பெட்ஃபோர்ட் சதுக்கத்துக்குப் போங்கள். 1775க்கும் 1783க்கும் நடுவில் எழுந்தது. அங்கும் செங்கல்தான், ஆனால் ஒவ்வொரு வாசலைச் சுற்றியும் புழு அரித்தது போல் கொத்திய கற்கள், உச்சிக்கல்லில் ஒரு முகம். கல் என்றா நினைத்தீர்கள்? சுட்ட மண். எலினார் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லாம்பெத்தில் சூளை வைத்து அச்சில் வார்த்துச் சுட்டு விற்ற சரக்கு. இருநூற்றைம்பது வருட மழைக்கும் புகைக்கும் அசையவில்லை. பக்கத்தில் இருந்த அசல் கல் பலது உதிர்ந்துவிட்டது.

தூக்குக்குண்டு (ஞாயிறு, மாலை 4:10)

சட்டம், ரசனை எல்லாம் சரி. சுவருக்குள் என்ன இருக்கிறது? முகப்புக் கல்லின் நேர்த்தியைப் படத்தில் பார்த்தேன். ஒரு நீளவாட்டம், ஒரு குறுக்குவாட்டம், மறுபடி நீளவாட்டம் என்று மாற்றி மாற்றி, நூல் பிடித்த மாதிரி. அப்படி வைத்தால் சுவர் பாறை மாதிரி நிற்கும், குறுக்குக் கல் உள் சுவரைக் கவ்விக்கொள்ளும். நல்ல கொத்தனார்கள்.

சாரம்_கட்டி (ஞாயிறு, இரவு 8:45)

ஐயா, உங்கள் மனதைக் கொஞ்சம் நோகடிக்கப் போகிறேன்.

நீங்கள் சொல்வது பிளெமிஷ் பாண்ட். பார்வைக்கு அந்தக் குறுக்குக் கல் ஒவ்வொன்றும் உள்ளே ஒன்பது அங்குலம் போகிறது என்றுதான் தோன்றும். நான் முதன்முதலில் ஒரு முகப்பைப் பிரித்தபோது கையில் வந்தது அரைக் கல். பக்கத்துக் கல்லும் அரை. அதற்குப் பக்கத்திலும். குறுக்குக் கல்லை இரண்டாக உடைத்து, தலையை மட்டும் வெளியே காட்டி வைத்திருக்கிறான். முகப்பு முழுவதும் நாலரை இஞ்ச் தோல். அதற்குப் பின்னால், சரியாக வேகாத மட்டக் கல்லை வைத்து அவசரமாக எழுப்பிய வேறொரு சுவர். இரண்டுக்கும் எங்கோ ஓரிடத்தில்தான் பிணைப்பு. இது ஒரு வீட்டின் கதை இல்லை, லண்டன் ஜார்ஜியன் வீடுகளில் சர்வ சாதாரணம்.

காரணம் இருக்கிறது. முகப்புக்கு விலையுயர்ந்த கல், மெல்லிய மூட்டு. உள்ளே மலிவுக் கல், தடித்த மூட்டு. பத்து வரி ஏறுவதற்குள் இரண்டு சுவரின் மட்டமும் விலகிவிடும். எப்போதாவது மட்டம் சேரும் இடத்தில்தான் முழுக் கல்லைக் குறுக்கே போட முடியும். முழுக் கல்லை உடைத்தால் ஒன்றுக்கு இரண்டு தலை கிடைக்கிறது என்ற கணக்கும் உண்டு.

இதோடு முடியவில்லை. உள் சுவருக்குள் நீளமான மரக்கட்டைகளைப் படுக்க வைத்துக் கட்டுவார்கள், மட்டம் பிடிக்கவும் பலகை வேலைக்கு ஆணி அடிக்கவும். இருநூறு வருடத்தில் ஓதம் ஏறி அந்த மரம் மக்கிப்போகும். சுவருக்கு நடுவில் வெற்றிடம். முகப்புத் தோல் வயிறு தள்ளும். பழைய தெருக்களில் செங்கல் சுவரில் எஸ், எக்ஸ் வடிவ இரும்புத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் இல்லை, உள்ளே உத்தரத்தோடு இழுத்துக் கட்டிய கம்பியின் மறுமுனை.

தூக்குக்குண்டு (ஞாயிறு, இரவு 9:02)

அட பாவிகளா. எங்கள் ஊரில் இப்படிக் கட்டினால் கூலி கொடுக்க மாட்டோம்.

சாரம்_கட்டி (ஞாயிறு, இரவு 9:20)

கூலி கொடுக்கிறவர் யார் என்பதுதான் விஷயம் ஐயா. நிலம் ஒரு பிரபுவுடையது. புளூம்ஸ்பரியின் பெரும்பகுதி பெட்ஃபோர்ட் பிரபு குடும்பத்தினுடையது. அவர் விற்கமாட்டார், பெரும்பாலும் 99 வருடக் குத்தகைக்கு விடுவார். எடுப்பவர் ஒரு தச்சரோ கொத்தனாரோ. முதல் ஒன்றிரண்டு வருடம் பெயருக்கு ஒரு மிளகு அளவு வாடகை. நிஜமாகவே ஒரு மிளகுமணி என்றுதான் பத்திரத்தில் எழுதுவார்கள். அந்த அவகாசத்துக்குள் சுவரும் கூரையும் எழுப்பி, குடிவருபவருக்குக் கைமாற்றிவிட வேண்டும். கையில் காசு இருக்காது. தச்சர் பக்கத்து வீட்டுக்குக் கதவு போடுவார், அந்த வீட்டுக்காரக் கொத்தனார் இவருக்குச் சுவர் கட்டுவார், பூச்சு வேலைக்காரருக்குக் கூலியாக ஒரு அரைகுறை வீடே போகும். 99 வருடம் கழித்துக் கட்டடம் பிரபுவின் தலைவலி. அந்த அவசரத்தில் எழுந்த தோல் இருநூறு வருடம் தாண்டி நிற்பதே அதிசயம்.

அதனால் அவர்களை முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. சன்னலுக்கு மேலே இருக்கும் சிவப்புச் செங்கல் தட்டை வளைவைப் பாருங்கள். மென்மையான கல்லைத் தேய்த்துத் தேய்த்து ஆப்பு வடிவத்துக்குக் கொண்டுவந்து, சுண்ணாம்புக் குழம்பில் தோய்த்து வைத்தது. மூட்டு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். இன்று அதைச் செய்ய ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு.

மழைக்குருவி (ஞாயிறு, இரவு 9:48)

மிளகா! நம்ம சரக்கு பத்திரம் வரைக்கும் போயிருக்கிறது.

அரைத்தூக்கம் (ஞாயிறு, இரவு 9:55)

மிளகு மட்டுமா? ஆற்காட்டுப் பணம் எந்தச் சுவருக்குள் போயிற்று என்று யாராவது சொல்லுங்கள்.

பழைய_காகிதம் (ஞாயிறு, இரவு 10:30)

கேலியாகக் கேட்டாலும் பதில் உண்டு. 1751இல் ஆற்காட்டுக் கோட்டையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவ், பெரும்பணம் சேர்த்தது பிறகு வங்காளத்தில். லண்டனில் அவர் வீடு பெர்க்லி சதுக்கம் 45. அங்கேதான் 1774 நவம்பரில் இறந்தார். நாம் பேசிக்கொண்டிருக்கும் கட்டடச் சட்டம் வந்த அதே வருடம். ஆனால் அந்த வீட்டு முகப்பு கல், செங்கல் இல்லை. இந்த இழையில் சேராது.

லிஃபிக்கரை (திங்கள், காலை 7:25)

டப்ளினிலிருந்து எழுதுகிறேன். ஜார்ஜியன் செங்கல் வீடு என்றால் லண்டன் மட்டும்தானா? எங்கள் மெரியன் சதுக்கம், ஃபிட்ஸ்வில்லியம் சதுக்கம் எல்லாம் எங்கே போவது?

நான் சொல்ல வந்தது ஹென்ரியெட்டா தெரு 14ஆம் எண் வீடு. லூக் கார்டினர் என்பவர் 1740களின் கடைசியில் கட்டியது. முதலில் குடியிருந்தது மோல்ஸ்வொர்த் பிரபு. படிக்கட்டுக் கூடமே ஒரு கல்யாண மண்டபம் மாதிரி. 1800இல் ஐரிஷ் நாடாளுமன்றத்தை லண்டனோடு இணைத்துச் சட்டம் போட்டார்கள். பிரபுக்கள் மூட்டை கட்டினார்கள், டப்ளினின் பெரிய வீடுகளுக்கு ஆளில்லை. 1870களில் இந்த வீட்டை வாங்கியவர் பெரிய படிக்கட்டையே பிடுங்கிவிட்டு, அறைகளைத் தடுத்து ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். 1911 கணக்கெடுப்பில் அந்த ஒரு வீட்டுக்குள் 100 பேர். கடைசிக் குடும்பம் வெளியேறியது 1970களின் இறுதியில். 2018 முதல் அருங்காட்சியகம்.

உள்ளே போனால் மேலே பூ வேலை செய்த கூரைப் பூச்சு, கீழே நடைபாதைச் சுவரில் காவிச் சிவப்பும் நீலமும். அந்த நீலத்துக்கு ரெக்கிட்ஸ் நீலம் என்று பெயர். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம்! நம் வீட்டில் ராபின் நீலம் விற்ற அதே ரெக்கிட். பிரபு வீட்டுச் சுவரில் சொட்டு நீலத்தைப் பார்த்ததும் என் பாட்டி வீட்டுக் கிணற்றடி ஞாபகம் வந்துவிட்டது.

இப்படிப் பராமரிப்பில்லாமல் கிடந்த வீடுகள் ஆளையும் கொன்றிருக்கின்றன. 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் இரண்டு வீடுகள் இடிந்து 7 பேர் இறந்தார்கள். சாரம்_கட்டி சொல்லும் தோல் சுவர் கதை எங்களுக்கு வெறும் கட்டடக் கலை இல்லை.

மழைக்குருவி (திங்கள், காலை 8:02)

இடித்ததும் உண்டுதானே? 1960களில் டப்ளினில் மின்சார வாரியம் ஒரே வரிசையில் 16 ஜார்ஜியன் வீடுகளை இடித்து அலுவலகம் கட்டியது என்று படித்தேன்.

லிஃபிக்கரை (திங்கள், காலை 8:10)

ஆம், லோயர் ஃபிட்ஸ்வில்லியம் தெரு. சுதந்திரம் வாங்கிய நாட்டில் "ஆண்டவன் கட்டிய வீடு நமக்கெதற்கு" என்ற எண்ணமும் அன்று இருந்தது. ஆண்டவன் என்றால் இங்கிலாந்துக்காரன். அந்த அலுவலகத்தையும் அண்மையில் இடித்துவிட்டார்கள்.

மழைக்குருவி (திங்கள், காலை 8:30)

லண்டனில் சில வீடுகள் மஞ்சள், சில சிவப்பு, சில கரி. நிறத்தை வைத்துக் காலம் சொல்லலாமா?

சாரம்_கட்டி (திங்கள், இரவு 7:40)

தோராயமாகச் சொல்லலாம். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஃபோர்னியர் தெருவுக்குப் போங்கள், பிரான்சிலிருந்து தப்பி வந்த யூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டண்ட்) பட்டு நெசவாளர்களும் வணிகர்களும் வாழ்ந்த 1720களின் வீடுகள். பழுப்பும் சிவப்பும். நூற்றாண்டின் நடுவில் சிவப்பு மேல் வெறுப்பு வந்தது. 1756இல் ஐசக் வேர் என்ற கட்டடக் கலைஞர், சிவப்புச் செங்கல் கண்ணுக்குக் கனல் மாதிரி இருக்கிறது, கோடையில் பார்க்கவே புழுக்கமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். (அவர் மதுரைக் கோடையைப் பார்த்திருக்க வேண்டும்.) அதன் பிறகு மஞ்சளும் சாம்பலும் ஓங்கின. லண்டன் ஸ்டாக் என்று சொல்லும் மஞ்சள் கல், களிமண்ணோடு சுண்ணக்கட்டியும் ஊர்க் குப்பையிலிருந்து சலித்த நிலக்கரிச் சாம்பலும் கலந்து அறுத்தது. சாம்பலில் எரியாத கரித்தூள் இருப்பதால் கல் உள்ளுக்குள்ளேயும் வெந்துவிடும். நகரம் தன் அடுப்புச் சாம்பலையே சுட்டு வீடாக்கிக்கொண்டது.

கரி நிறம் வெறும் புகை. பிரதமர் வீடான டவுனிங் தெரு 10ஆம் எண் கருப்புச் செங்கல் என்று எல்லோரும் நினைக்கிறோம். அது மஞ்சள் கல். நிலக்கரிப் புகையில் கறுத்தது. 1960களின் பழுதுபார்ப்பில் கழுவியபோது மஞ்சள் வெளியே வந்தது, மக்களுக்குக் கருப்புதான் பழக்கம் என்று கருப்பு வண்ணம் அடித்துவிட்டார்கள்.

சன்னலை வைத்தும் காலம் சொல்லலாம். கண்ணாடிக்கு நடுவில் ஓடும் மரச் சட்டம் தடித்திருந்தால் முன்காலம், விரல் மாதிரி மெலிந்திருந்தால் பின்காலம். மேலும் கீழும் நகரும் சாஷ் சன்னலின் பக்கப் பெட்டிக்குள் எடைக்கட்டி தொங்கும், கயிறு உருளையில் ஓடும். எடை சரியாக இருந்தால் ஒரு விரலால் ஏற்றலாம்.

கருவேப்பிலை (திங்கள், இரவு 8:15)

என் சன்னலில் ஒரு பக்கக் கயிறு அறுந்து ஆறு மாதம் ஆகிறது. உரிமையாளரிடம் மூன்று முறை எழுதினேன்.

இன்னொரு சந்தேகம். மழை பெய்தால் அறைக்கு நடுவில் கூரை ஒழுகுகிறது. ஓரத்தில் இல்லை, நட்டநடுவில். எப்படி?

சாரம்_கட்டி (திங்கள், இரவு 8:33)

முகப்பிலிருந்து பார்த்தால் கூரையே தெரியாது அல்லவா. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் அது வி எழுத்து மாதிரி நடுவில் தாழ்ந்திருக்கும். இரண்டு பக்கத் தண்ணீரும் நடுவில் ஒரு ஈயத் தகட்டுக் கால்வாயில் விழுந்து பின்பக்கம் போகும். கால்வாயில் இலை அடைத்தால் தண்ணீர் உங்கள் தலைக்கு நேர் மேலே. யாராவது ஏறி அள்ளினாலே பாதி தீரும்.

பாயிண்டிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். சிமெண்ட் கலவையா சுண்ணாம்புக் கலவையா என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள். இந்தச் செங்கல் மென்மையானது. கல்லை விட மூட்டு இளகியிருக்க வேண்டும், அப்போதுதான் சுவருக்குள் போன ஈரம் மூட்டு வழியாக வெளியேறும். சிமெண்ட் போட்டால் ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற முடியும். பனிக்காலத்தில் அந்த ஈரம் உறைந்து கல்லின் முகம் தோல் உரிவதுபோல் உரிந்துவிடும். எனக்கு நேர்ந்த ஒன்று: நான் குடியிருந்த ஒரு வீட்டில் ஒப்பந்தக்காரர் ஒருவர் மின்சார அறுப்பானால் மூட்டைக் கீறி, கல் விளிம்பையெல்லாம் சிதைத்து, சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். இரண்டு குளிர்காலத்தில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓதம். உளியால்தான் கீறச் சொல்லுங்கள். முதலில் ஒரு மூலையில் மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். வீடு பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று இங்கிலாந்தின் மரபுச் சின்னப் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். இருந்தால் தோற்றத்தை மாற்றும் வேலைக்கு மாநகராட்சி ஒப்புதல் வேண்டும், இல்லாமல் செய்வது குற்றம்.

தூக்குக்குண்டு (திங்கள், இரவு 9:00)

இதைத்தான் நாங்கள் கோயில் வேலையில் கரடியாகக் கத்தினோம். சுண்ணாம்பில் கட்டியதைச் சிமெண்டால் பூசாதே என்று. கேட்டால்தானே.

கருவேப்பிலை (மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 5:20)

மன்னிக்கவும், வேலை நெருக்கடி. பார்த்ததைச் சொல்கிறேன்.

வீடு பட்டியலில் இரண்டாம் நிலையில் இருக்கிறது. அந்த விவரத்தோடு உரிமையாளருக்கு எழுதியதும் பதில் ஒரே நாளில் வந்தது (கயிற்றுக்கு வரவில்லை). சுண்ணாம்புதான், மாதிரி ஒன்று பின்பக்கம் செய்து காட்டினார்கள். மேலே ஏறிய பையன் கால்வாயிலிருந்து இரண்டு வாளி இலையும் ஒரு டென்னிஸ் பந்தும் எடுத்தான். ஒழுகல் நின்றது.

சாரத்தில் என்னையும் ஏற அனுமதித்தார்கள். மேல் இரண்டு குழிவிலும் வரி மட்டம் சுவரோடு அப்படியே ஓடுகிறது. ஒரே கல், ஒரே நிறம். நேர் மேலே புகைபோக்கி. உள்ளே என் புத்தகக் கணப்பு. ஆக இரண்டும் முதலிலிருந்தே பொய்ச் சன்னல்.

மூன்றாவதுதான் வேடிக்கை. தரைத்தளத்துக்கு மேல் இருக்கிறதே, அது புகைபோக்கிக்கு நேராக இல்லை, ஒரு கை தள்ளியிருக்கிறது. அதில் வரி அரை அங்குலம் இறங்கியிருக்கிறது. கல் விளிம்பு கத்தி மாதிரி, ஒன்றுபோல் ஒன்று. மூட்டில் சிமெண்ட்.

தூக்குக்குண்டு (சனி, மாலை 5:41)

இயந்திரத்தில் அறுத்த கல். அது நிஜச் சன்னல், பிறகு அடைத்தது.

பழைய_காகிதம் (சனி, மாலை 6:05)

இயந்திரக் கல்லும் சிமெண்டும் என்றால் வரி ஒழிந்து வெகுகாலம் கழித்து. அப்படியானால் மூன்றில் ஒன்றுகூட வரிக்காக இல்லை.

கருவேப்பிலை (சனி, மாலை 6:30)

கீழ்வீட்டு அம்மா அதே வீட்டில் ஐம்பது வருடமாக இருக்கிறார். கேட்டேன். அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே குளியலறை வைத்தார்களாம், தெருவிலிருந்து தெரியக்கூடாது என்று அடைத்துவிட்டார்களாம்.

அரைத்தூக்கம் (சனி, மாலை 6:34)

வழிகாட்டியிடம் சொன்னீர்களா?

கருவேப்பிலை (சனி, மாலை 6:50)

இன்று காலை பத்து மணிக்கு வந்தார். முப்பது பேர் கூட்டம். அதே பகல்கொள்ளை. சன்னலைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சொல்லலாம் என்று வாயெடுத்தேன், ஆனால் கயிறு அறுந்த சன்னலை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் பேசுவது? கை வலித்து விட்டுவிட்டேன். சத்தம் கேட்டு முப்பது பேரும் மேலே பார்த்தார்கள். "இன்னும் ஆட்கள் வசிக்கிறார்கள்" என்றார் அவர்.